ஊர்விட்டு ஊர் போவது தலைவிதியா?



நம் வானகரம், அம்பத்தூர்ப் பக்கங்களில் பீகார், ஒடிசா, வங்காளம், அஸ்ஸாம் முதலிய இடங்களிலிருந்து வந்த தொழிலாளர்கள் ஏராளமாய் இருக்கிறார்கள். ஏன் இங்கு வந்தார்கள் என்றால், வைதிகர் "தலைவிதி" என்கிறார். அப்படியானால் ஒரே கிராமத்து வாலிபர்கள் அத்தனை பேர் தலையிலும் பிரமன் அம்பத்தூர் விலாசத்தையா எழுதினான்? அவனுக்கு வேறு ஊர் பெயரே தெரியாது போலும்!

சங்கதி அதுவல்ல. 1961-ல் ஆவடியில் கனரக வாகனத் தொழிற்சாலையும், 1964-ல் அம்பத்தூர்த் தொழிற்பேட்டையும் ஏற்பட்டன, வேலை பெருகிற்று. ஆனால் வேலை கிடைக்கும் ஊர்கள் பல உண்டே? அவற்றில் எதற்குப் போவதென்பதைப் பெரும்பாலும் முதலில் போனவனே தீர்மானிக்கிறான். அவன் படுக்க இடம் கொடுத்து, மேஸ்திரியிடம் சொல்லிவைக்கிறான். தம்பியும் மைத்துனனும் அடுத்த வீட்டுக்காரனும் பின்னால் வருகிறார்கள்.

நம்மவர் இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்குப் போனதும் இப்படியே. கங்காணி தன் ஊராரையும் உறவினரையும் திரட்டினான். முன்பணம் என்னும் கடனையும் அவர்கள் கழுத்தில் மாட்டினான். ஆயினும் போனார்கள். ஊரிலிருந்தால் பண்ணையடிமைத்தனம், தீண்டாமை, 1876-78 போன்ற பஞ்சம்! அவர்கள் உழைப்பால் தோட்டங்கள் செழித்தன. 1948-ல் வந்த பிரஜாவுரிமைச் சட்டமோ அவர்களில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவராக்கிற்று. அதை அக்கிரமம் என்கிற நாம், இங்கு வந்தவனை மட்டும் "வடக்கத்தியான் பிழைப்பைக் கெடுத்தான்" என்று ஏசலாமா? கூலியைக் குறைக்கிறவன் வாங்குகிறவனா, கொடுக்கிறவனா? ஒரே வேலைக்கு ஒரே கூலி கேட்க, அவனையும் நம் தொழிற்சங்கத்தில் சேர்த்துக் கொள்ளச் சம்மதமா என்பதே நாம் உங்களைக் கேட்பது.