பணம் கொடுத்த பிறகும் விளம்பரமா? ஓய்வு நேரத்தின் மீது மூலதனத்தின் படையெடுப்பு

(கட்சி உறுப்பினர்களுக்கான கல்வி வகுப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

இன்றைய வகுப்புக்கு இந்தத் தலைப்பை எடுத்துக்கொண்டது உங்களில் சிலருக்கு வியப்பாக இருக்கலாம். விலைவாசி, வேலையின்மை, தொழிலாளர் சட்டத் தொகுப்புகள், விவசாயிகளின் கடன் என்று பேசுவதற்கு எத்தனையோ இருக்க, கைபேசித் திரையில் எழும்பும் ஒரு விளம்பரப் பெட்டியைப் பற்றி ஒரு வகுப்பு தேவைதானா என்று நீங்கள் கேட்கலாம். அந்தக் கேள்விக்கு விடை சொல்லாமல் நான் உரையை முடிக்கப் போவதில்லை.

ஒரு சிறு நிகழ்ச்சியிலிருந்து தொடங்குகிறேன். எனக்கு நெடுநாள் பழக்கமான மூத்த தோழர் ஒருவர் ரயில்வேயில் பணியாற்றி ஓய்வு பெற்றவர். சதுரங்கம் அவருடைய ஒரே பொழுதுபோக்கு. ஓய்வூதியத்திலிருந்து ஒரு தொகையை ஒதுக்கி, சதுரங்கப் புதிர்களை வழங்கும் இணையதளம் ஒன்றுக்கு ஆண்டுச் சந்தா கட்டினார். விளம்பரத் தொல்லை இருக்காது என்பதே அவர் சந்தா கட்டியதற்கு முதன்மையான காரணம். சில மாதங்கள் அப்படித்தான் இருந்தது. பிறகு ஒரு நாள், அவர் ஒரு நகர்வை யோசித்துக்கொண்டிருக்கும்போதே பலகையை மறைத்துக்கொண்டு ஒரு பெட்டி எழும்பியது: இன்னும் உயர்ந்த சந்தாவுக்கு மாறுங்கள் என்றது. அதை மூடினால் மற்றொன்று. அதை மூடும் குறியோ கண்ணுக்குத் தெரியாத அளவில் ஒரு மூலையில். “பணம் வாங்கிக்கொண்டு கதவைத் திறந்துவிட்டார்கள், உள்ளே போனால் அங்கேயும் உண்டியல் குலுக்குகிறார்கள்” என்றார் அவர்.

அந்தத் தோழரின் எரிச்சல் தனிமனித எரிச்சல் அன்று. அதன் பின்னால் ஒரு பொருளாதார விதி இயங்குகிறது. அந்த விதியைப் புரிந்துகொள்வதே நமது வேலை.

மன்னிப்புக் கேட்ட நிரலாளர்

முதலில் வரலாற்றைச் சுருக்கமாகப் பார்ப்போம். இணையத்தில் பட்டை விளம்பரம் 1994-ஆம் ஆண்டு அக்டோபரில் அமெரிக்காவில் தோன்றியது. ஹாட்வயர்டு என்ற இணைய இதழ் அதை வெளியிட்டது. அதே பத்தாண்டில், சாதாரண மக்கள் தங்கள் விருப்பங்களைப் பற்றிச் சொந்தப் பக்கங்கள் அமைத்துக்கொள்ள இடமளித்த ட்ரைபாட் என்ற நிறுவனத்தில் ஈதன் சுக்கர்மேன் பணியாற்றினார். பயனர் ஒருவர் உருவாக்கிய, தனக்கு ஒவ்வாத பொருள் கொண்ட பக்கத்தில் தன் விளம்பரம் இடம்பெற்றதைக் கண்டு ஒரு பெரிய கார் நிறுவனம் கோபமடைந்தது. விளம்பரத்தை அந்தப் பக்கத்தோடு ஒட்டாமல் தனிச் சாளரத்தில் திறக்கச் செய்யும் நிரலைச் சுக்கர்மேன் எழுதினார். ‘பாப்-அப்’ என்று உலகம் வெறுக்கும் விளம்பரம் பிறந்தது இப்படித்தான். 2014-இல் அட்லாண்டிக் இதழில் எழுதிய கட்டுரையில் அதற்காக அவர் வெளிப்படையாக வருத்தம் தெரிவித்தார். விளம்பரத்தை நம்பி இணையத்தைக் கட்டியதே அடிப்படைப் பிழை என்பது அந்தக் கட்டுரையின் மையக் கருத்து.

இதில் நாம் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. அந்தத் தொழில்நுட்பம் பிறந்தது பயனரின் கோரிக்கையால் அல்ல, பக்கத்தை உருவாக்கியவரின் விருப்பத்தாலும் அல்ல. விளம்பரம் கொடுத்தவரின் கோபத்தைத் தணிக்கவே பிறந்தது. யாருடைய சொல் செல்லுபடியாகிறது என்பது அன்றே முடிவாகிவிட்டது.

கூகுளின் நிறுவனர்கள் 1998-இல் மாணவர்களாக எழுதிய ஆய்வுக் கட்டுரையில், விளம்பர வருவாயை நம்பும் தேடுபொறி பயனரின் தேவையை விட்டு விளம்பரதாரரின் பக்கமே சாயும் என்று எச்சரித்திருந்தார்கள். இன்று அந்த நிறுவனத்தின் வருவாயில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கு விளம்பரத்திலிருந்து வருகிறது. ஃபேஸ்புக்கை நடத்தும் மெட்டாவின் வருவாய் ஏறத்தாழ முழுவதுமே விளம்பரம்தான். தனிமனிதர்களின் நல்லெண்ணம் மூலதனத்தின் இயக்கத்தைத் தடுக்காது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

யார் கட்டிய வீடு?

பொழுதுபோக்குத் தளங்கள் பலவற்றின் பிறப்பைப் பாருங்கள். திரைப்படத் தகவல்களுக்கு உலகெங்கும் பயன்படும் ஐஎம்டிபி 1990-இல் திரைப்பட ஆர்வலர்கள் ஊதியமின்றித் தொகுத்த பட்டியல்களாகவே தொடங்கியது. 1998-இல் அமேசான் அதை வாங்கியது. இசைத்தட்டில் உள்ள பாடல்களின் பெயர்களைக் கணினிக்குச் சொல்லும் சிடிடிபி என்ற தரவுத்தளத்தின் பெரும்பகுதியை நிரப்பியவர்கள், தம் வீட்டில் அமர்ந்து வரிவரியாகத் தட்டச்சு செய்த இசை ரசிகர்கள். அது பின்னர் தனியார் நிறுவனமாகி, 2008-இல் 26 கோடி டாலருக்கு சோனியிடம் விற்கப்பட்டது. தட்டச்சு செய்தவர்களுக்கு அதில் பங்கில்லை. வாசகர்கள் நூல் மதிப்புரைகள் எழுதி வளர்த்த குட்ரீட்ஸ் 2013-இல் அமேசானின் கைக்குப் போயிற்று.

இங்கிலாந்தில் ஊர்ப் பொது நிலங்களுக்கு வேலியிட்டுத் தனிச்சொத்தாக்கிய வரலாற்றை மூலதனம் நூலின் முதல் தொகுதியில் நாம் படித்திருக்கிறோம். இங்கே நடப்பதும் வேலியிடுவதுதான். பொது உழைப்பு பொதுச் செல்வத்தை உருவாக்குகிறது. நிறுவனம் வேலி போடுகிறது. பிறகு உள்ளே வரக் கட்டணம். கட்டணம் கட்டியவனுக்கும் விளம்பரம்.

சந்தாதாரரே விலையுயர்ந்த சரக்கு

இனி மையமான கேள்விக்கு வருவோம். பணம் கட்டாதவருக்கு விளம்பரம் காட்டுவது புரிகிறது. பணம் கட்டியவரை ஏன் விடுவதில்லை?

கனடாவைச் சேர்ந்த அரசியல் பொருளாதார அறிஞர் டல்லாஸ் ஸ்மைத், 1977-இல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரையில், வெகுசன ஊடகம் உண்மையில் விற்கும் சரக்கு நிகழ்ச்சி அன்று, பார்வையாளர்களே அந்தச் சரக்கு என்று வாதிட்டார். நிகழ்ச்சி தூண்டில் இரை, பார்வையாளரின் கவனம் மீன், வாங்குபவர் விளம்பரதாரர். பார்ப்பதையே உழைப்பாகக் கொள்ளலாமா என்பது குறித்து மார்க்சியர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. எனினும் அவர் சுட்டிய உறவு உண்மையானது.

இந்த உறவிலிருந்து பார்த்தால் முரண்பாடு விளங்கும். விளம்பரதாரருக்கு எந்தப் பார்வையாளர் அதிக மதிப்புடையவர்? வாங்கும் சக்தி உள்ளவர். அந்தச் சக்திக்குச் சான்று என்ன? அவர் ஏற்கெனவே சந்தா கட்டியிருப்பதே சான்று. மேலும், கட்டணம் செலுத்தியதால் அவருடைய பெயர், ஊர், தொலைபேசி எண், பணம் செலுத்தும் முறை அனைத்தும் நிறுவனத்திடம் இருக்கின்றன. ஆக, விளம்பரத்திலிருந்து விடுதலை பெறுவதற்காகச் சந்தா கட்டும் செயலே, அவரை விளம்பரச் சந்தையில் விலை உயர்ந்த சரக்காக மாற்றிவிடுகிறது. அந்தச் சரக்கை விற்காமல் வைத்திருப்பதை மூலதனம் நட்டமாகவே கணக்கிடும். இன்று இல்லையேல் நாளை விற்றே தீரும்.

அமேசான் பிரைம் வீடியோ இதற்கு வெளிப்படையான எடுத்துக்காட்டு. 2024 ஜனவரி 29 முதல் அமெரிக்காவில், ஏற்கெனவே பணம் கட்டிப் பார்த்துவந்த சந்தாதாரர்களுக்கு விளம்பரங்கள் காட்டப்பட்டன. வேண்டாமென்றால் மாதம் 2.99 டாலர் கூடுதலாகக் கட்ட வேண்டும் என்று அப்போது அறிவிக்கப்பட்டது. 2025 ஜூன் 17 முதல் அதே ஏற்பாடு இந்தியாவுக்கு வந்தது. 2021 டிசம்பரில் 999 ரூபாயிலிருந்து 1,499 ரூபாயாக உயர்த்தப்பட்ட ஆண்டுச் சந்தாவை முன்கூட்டியே கட்டியிருந்தவர்களுக்கும் விலக்கில்லை. விளம்பரமின்றிப் பார்க்க ஆண்டுக்கு 699 ரூபாய், அல்லது மாதத்திற்கு 129 ரூபாய் தனியாகக் கட்ட வேண்டும் என்று அறிவிக்கப்பட்டது. ஒப்பந்தத்தின் நடுவில் ஒரு தரப்பு மட்டும் நிபந்தனையை மாற்றுகிறது. நேற்றுவரை விலைக்குள் அடங்கியிருந்த அமைதியை இன்று தனிச்சரக்காக்கி அவரிடமே விற்கிறது. நட்டத்தில் தவிக்கும் நிறுவனம் பிழைப்புக்காகச் செய்ததா இது? 2024-இல் அமேசானின் விளம்பர வருவாய் மட்டும் 5,600 கோடி டாலருக்கு மேல்.

வெளியேறவும் வழி எளிதன்று. பிரைம் சந்தாவை ரத்து செய்யும் நடைமுறைக்கு அந்நிறுவனத்தினுள் ‘இலியட்’ என்று பெயர் வழங்கியதாக அமெரிக்கக் கூட்டாட்சி வணிக ஆணையம் 2023-இல் தொடுத்த வழக்கில் குறிப்பிட்டது. ஹோமரின் நீண்ட காவியத்தின் பெயர் அது! 2025 செப்டம்பரில் 250 கோடி டாலருக்கு அந்த வழக்கு முடித்துக்கொள்ளப்பட்டது.

மூன்று முறை கொடுக்கும் மக்கள்

இந்திய உழைப்பாளி இதில் எத்தனை முறை பணம் கொடுக்கிறார் என்று கணக்கிடுவோம். முதலாவது சந்தா, அதன்மீது 18 விழுக்காடு ஜிஎஸ்டி. இரண்டாவது, விளம்பரப் படத்தைக் கைபேசிக்குள் இறக்கும் டேட்டா. அந்த ரீசார்ஜும் அவர் கைக்காசு. மூன்றாவது, கண்ணுக்குத் தெரியாத செலவு. சோப்புக்கும் பற்பசைக்கும் கொடுக்கும் விலையில் விளம்பரச் செலவு அடங்கியிருக்கிறது. விளம்பரம் புதிய மதிப்பை உருவாக்குவதில்லை. விற்பனைக்கான செலவு அது. உற்பத்தியில் உழைப்பாளியிடமிருந்து பறித்த உபரியிலிருந்து அது ஈடுசெய்யப்படுகிறது. ஏகபோகம் ஆளும் சந்தையில் விலையின் மூலமாகவும் மக்கள் தலையில் ஏற்றப்படுகிறது. பாரனும் ஸ்வீசியும் 1966-இல் வெளியிட்ட ஏகபோக மூலதனம் நூலில், இந்த விற்பனை முயற்சியை ஏகபோக முதலாளித்துவத்தின் உடன்பிறந்த நோயாகவே விளக்கினார்கள்.

சரி, அரசு என்ன செய்கிறது? தொலைக்காட்சிக்கு ஒரு மணி நேரத்தில் 12 நிமிடங்களுக்கு மேல் விளம்பரம் கூடாதென்ற விதி உண்டு. 2013-இல் டிராய் அதை நடைமுறைப்படுத்த முனைந்தபோது, ஒளிபரப்பு நிறுவனங்கள் டெல்லி உயர்நீதிமன்றத்தை நாடி நடவடிக்கையைத் தடுத்துக்கொண்டன. இணையவழிச் சேவைகளுக்கோ அப்படியொரு வரம்புகூட இல்லை. 2023 நவம்பரில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் வெளியிட்ட வழிகாட்டுதல்கள், பயனரை ஏமாற்றும் 13 வகையான வடிவமைப்பு உத்திகளைப் பட்டியலிட்டுத் தடை செய்தன. சந்தாப் பொறி, மாறுவேட விளம்பரம், ஓயாது நச்சரித்தல் ஆகியவை அதில் உள்ளன. பட்டியல் நல்ல பட்டியல்தான். செயல்தான் இல்லை.

மாறாக, எதில் அரசு விரைவு காட்டியது? வெளிநாட்டு நிறுவனங்கள் இணைய விளம்பரத்தின் மூலம் இங்கே ஈட்டும் வருவாய்மீது 2016 முதல் 6 விழுக்காடு வரி இருந்தது. அமெரிக்க அதிபர் டிரம்பின் சுங்கவரி மிரட்டல் எழுந்த நேரத்தில், 2025 ஏப்ரல் 1 முதல் மோடி அரசு அதைக் கைவிட்டது. நம் மக்களின் கவனத்தை விற்றுக் கிடைக்கும் பணத்தில் அந்தச் சிறு பங்கையும் விட்டுக்கொடுத்தார்கள்.

இது நடுத்தர வர்க்கத்தின் புலம்பலா?

இப்போது முதலில் எழுப்பிய கேள்விக்கு வருகிறேன். சந்தா கட்ட வசதி உள்ளவரின் சிறு தொல்லையைப் பற்றித் தொழிலாளி வர்க்கக் கட்சி ஏன் கவலைப்பட வேண்டும்?

தோழர்களே, ஓய்வு நேரம் எவரும் தானமாகக் கொடுத்ததன்று. எட்டு மணி நேர வேலை, எட்டு மணி நேர ஓய்வு, எட்டு மணி நேரம் நம் விருப்பத்திற்கு என்ற முழக்கத்திற்காகத் தொழிலாளர்கள் இரத்தம் சிந்தினார்கள். 1886 சிகாகோவை நாம் ஆண்டுதோறும் நினைவுகூர்கிறோம். மனிதனின் வளர்ச்சிக்குக் களம் காலமே என்று மார்க்ஸ் 1865-இல் சர்வதேசச் சங்கத்தின் பொதுக்குழுவில் விளக்கினார். ஒரு தொழிலாளி சதுரங்கம் ஆடுவதும், பறவை பார்ப்பதும், பாட்டுக் கேட்பதும் அந்தக் காலத்தில்தான். மூலதனம் வேலை நேரத்தை நீட்டிக்க முயல்வதோடு நிற்கவில்லை. மிஞ்சியிருக்கும் நேரத்திற்குள்ளும் நுழைந்து, அதையும் நொடிக்கணக்கில் ஏலம் விடுகிறது. கூடுதல் பணம் கட்ட முடிந்தவர் அமைதியை வாங்கிக்கொள்வார். முடியாதவர்மீதே விளம்பரச் சுமை முழுவதும் இறங்கும். அமைதியும் ஒரு வர்க்கத்தின் சலுகையாக மாறுவதை நாம் வேடிக்கை பார்க்க முடியாது.

வேறு வழி உண்டு

இதற்கு மாற்றே இல்லை என்பார்கள். உண்டு. 2002 பிப்ரவரியில் விக்கிப்பீடியாவில் விளம்பரம் இடம்பெறக்கூடும் என்ற பேச்சு எழுந்ததும், ஸ்பானிய மொழிப் பங்களிப்பாளர்களில் பெரும்பகுதியினர் வெளியேறித் தனிக் கலைக்களஞ்சியம் தொடங்கினார்கள். அது ஊதியமில்லா உழைப்பாளர்களின் வேலைநிறுத்தம் என்றே சொல்வேன். அன்று முதல் இன்று வரை விக்கிப்பீடியாவில் வணிக விளம்பரம் இல்லை. சதுரங்கத்திலேயே லிசெஸ் என்ற தளம் 2010 முதல் இயங்குகிறது. கட்டணம் இல்லை, விளம்பரம் இல்லை, மூல நிரல் அனைவருக்கும் திறந்திருக்கிறது, நன்கொடையில் நடக்கிறது. அந்த மூத்த தோழர் இப்போது அங்கேதான் ஆடுகிறார்.

எனினும் தனித்தனியாக இடம் மாறுவது மட்டுமே தீர்வாகிவிடாது. சட்டத்தின் வழியாகவும் கட்டுப்படுத்த வேண்டும். இணையத்தின் ஒரு பகுதியை மட்டும் இலவசமாகக் கொடுத்து முழுவதையும் கைப்பற்ற ஃபேஸ்புக் முயன்றபோது, மக்கள் எதிர்ப்பின் விளைவாக 2016 பிப்ரவரி 8 அன்று டிராய் பாகுபாடான கட்டணங்களுக்குத் தடை விதித்தது நினைவிருக்கட்டும். போராடினால் வெல்ல முடியும்.

ஆகவே நாம் முன்வைக்க வேண்டிய கோரிக்கைகள் இவை. சந்தாக் காலம் முடியும் முன் நிபந்தனைகளை ஒருதலையாக மாற்றக் கூடாது. மாற்றினால் பணத்தைத் திருப்பித் தர வேண்டும். கட்டணச் சேவைகளில் விளம்பரத்திற்குச் சட்டபூர்வமான நேர வரம்பு வேண்டும். ஏமாற்று வடிவமைப்புகளுக்கு எதிரான வழிகாட்டுதல்களை மீறும் நிறுவனங்கள்மீது உண்மையான அபராதம் விதிக்க வேண்டும். இணைய விளம்பர வரியை மீண்டும் கொண்டுவர வேண்டும். பொது நூலகங்களும் கட்டற்ற மென்பொருள் அமைப்புகளும் விளம்பரமற்ற பொதுத் தளங்களை உருவாக்க அரசு நிதி ஒதுக்க வேண்டும்.

இவற்றைத் தொழிற்சங்க மேடைகளிலும், வாலிபர், மாணவர், மாதர் அமைப்புகளின் கூட்டங்களிலும் பேச வேண்டும். அங்கே பேசும்போது பெரிய கோட்பாட்டிலிருந்து தொடங்க வேண்டியதில்லை. எதிரே அமர்ந்திருப்பவரின் கைபேசியில் நேற்று எழும்பிய பெட்டியிலிருந்து தொடங்குங்கள். அதை யார் அனுப்பினார், எதற்காக அனுப்பினார், அதற்கான பணம் யாருடையது என்று கேளுங்கள். மற்றவற்றை அவரே சொல்வார்.