தேம்ஸில் ஓர் ஒல்லிப் படகு

ரயில் பெட்டி ஒன்றை நெடுக்காகப் பிளந்து, பாதியைத் தண்ணீரில் மிதக்கவிட்டால் எப்படி இருக்கும்? இங்கிலாந்துக் கால்வாய்களில் ஓடும் நேரோபோட் ஏறக்குறைய அப்படித்தான். அகலம் 6 அடி 10 அங்குலம். நீளமோ 70 அடி வரை போகும். அடிப்பாகம் தட்டை. அசையாத நீரில், ஆள் நடக்கிற வேகத்தில் போவதற்கென்றே பிறந்த படகு. அதைத்தான் லண்டன் நடுவே தேம்ஸ் நதியில் கொண்டுவந்து இறக்குகிறார்கள்.

தேம்ஸ் சும்மா ஓடுகிற ஆறு இல்லை. கடலின் ஏற்ற இறக்கம் லண்டனைத் தாண்டி டெடிங்டன் வரை எட்டுகிறது. பௌர்ணமி, அமாவாசையை ஒட்டிய நாட்களில் லண்டன் பாலத்தருகே நீர்மட்டம் ஏறக்குறைய 7 மீட்டர் ஏறி இறங்கும். படகு புறப்படும் நேரத்தைச் சந்திரன்தான் குறித்துக் கொடுக்கும்.

கிளம்பும் இடம், கிழக்கு லண்டனின் லைம்ஹவுஸ். ரீஜென்ட்ஸ் கால்வாய் தேம்ஸைத் தொடும் இடத்தில் 1820-இல் திறந்த துறை அது. கடலேற்றத்தில் ஆற்று நீர் ஏறிக்கொண்டிருக்கும்போதே லாக்கின், அதாவது நீர்ப்பூட்டின், கதவைத் திறந்துவிடுகிறார்கள். முன்பக்கம் வெளியே நீண்டதும் நீரோட்டம் அதைப் பற்றி மேற்கே இழுக்கிறது. பின்பக்கம் இன்னும் அமைதியான நீரில் நிற்கிறது. சுக்கான் பிடிப்பவர் நிற்பதோ கடைசிக் கோடியில். முன்னால் நடப்பது அவருக்கு அறுபது எழுபது அடி தள்ளி நடக்கிறது. கால்வாயில் பத்து வருடம் ஓட்டியவருக்கும் இந்த ஒரு நிமிடத்தில் உள்ளங்கை வியர்க்கும்.

பிறகு டவர் பாலம். இந்தக் குள்ளப் படகுக்காக அதைத் தூக்க வேண்டியதில்லை. சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. பயணிகளை ஏற்றிக்கொண்டு விர்ரென்று பாயும் படகுகள் எழுப்பும் அலை, இருபக்கக் கற்சுவரிலும் மோதித் திரும்பி வருகிறது. பக்கவாட்டில் வாங்கினால் உள்ளே அலமாரியிலிருந்து பாத்திரம் உருளும். முன்பக்கத்தை அலைக்கு நேரே திருப்பி வாங்கிக்கொள்வதே வழி.

ஆட்டத்தில் இன்னொரு வம்பும் உண்டு. கால்வாயில் வருடக்கணக்காக டீசல் தொட்டியின் அடியில் படிந்த கசடு கலங்கி மேலே வந்து, வடிகட்டியை அடைத்துவிடும். நட்டாற்றில் என்ஜின் நின்றுபோகும். கால்வாயில் யாரும் தேடாத நங்கூரம், இங்கே சங்கிலியோடு தயாராக இருக்க வேண்டும். 13.7 மீட்டரும் அதற்கு மேலும் நீளமுள்ள படகில் விஎச்எஃப் ரேடியோவும் கட்டாயம்.

பாலங்களைத் தாண்டும்போது மேலே பார்க்க வேண்டும். பழுது பார்ப்பதற்காக ஒரு வளைவின் உயரம் குறைந்திருந்தால், அங்கே வைக்கோல் கட்டு ஒன்றைத் தொங்கவிட வேண்டும் என்பது பழைய விதி. 2023-இல் மில்லினியம் பாலத்தில் உண்மையாகவே தொங்கவிட்டார்கள்!

வெஸ்ட்மின்ஸ்டரில் நாடாளுமன்றக் கட்டடம் வலது கைப்பக்கம் வருகிறது. வலது ஓரமாகப் போவதுதான் ஆற்றின் விதி. ஆனால் இங்கே 70 மீட்டர் தள்ளியே போக வேண்டும். பாதுகாப்புக் கெடுபிடி. கரைச்சுவர்களில் வெண்கலச் சிங்க முகங்கள், வாயில் வளையத்தைக் கவ்வியபடி. நதி மேலேறி அந்தச் சிங்கங்கள் தண்ணீர் குடித்தால் ஊரே மூழ்கும் என்பது லண்டன்காரர்களின் வழக்கு.

பட்னி தாண்டியதும் காட்சி மாறுகிறது. சுவர் போய் மரங்கள். பெரிய படகுகளுக்குப் பதிலாக, முதுகைக் காட்டியபடி வேகமாக வரும் துடுப்புப் படகுக்காரர்கள்.

மூன்று மணி நேரம் போல ஆனபின், கியூ தோட்டத்துக்கு எதிர்க்கரையில், போய்ச் சேர வேண்டிய பிரென்ட்போர்ட் ஓடையின் வாய். கண்ணசந்தால் தவறிவிடும். உள்ளே லாக், அதுவும் நீர்மட்டம் உச்சத்தில் இருக்கும் வேளையை ஒட்டிய சில மணி நேரம்தான் இயங்கும். கதவு மூடுகிறது, படகு ஆடுவதை நிறுத்துகிறது. சுக்கானை விட்டுவிட்டு, எத்தனை கோப்பை உடைந்தது என்று பார்க்க உள்ளே போகிறார் படகுக்காரர்.