தறிக்கு மேல ஒரு மஞ்சள் கண்ணாடி

இன்னைக்குக் கலர் கண்ணாடி பத்திப் பேசலாம். ஆனா ஒரு பட்டுப் புடவையிலிருந்து ஆரம்பிக்கிறேன்.

காஞ்சிபுரத்துல, பாலாற்றங்கரைப் பக்கம் செவிலிமேடு. அங்கே என் பெரியப்பா வீடு, கூடத்துல குழித்தறி. மூணு வருஷம் முன்னாடி ஓட்டைப் பிரிச்சிட்டுத் தளம் போட்டாங்க. தறிக்கு நேர் மேல வெளிச்சத்துக்கு ஒரு திறப்பு. அதுக்கு என்ன கண்ணாடி போடலாம்னு என்னைக் கேட்டாங்க. சென்னையில இன்டீரியர் வேலை பார்க்கிற பெருமையில, மஞ்சள் லேமினேட்டட் கண்ணாடின்னு சொன்னேன்.

லேமினேட்டட்னு சொன்னது சரிதான். தலைக்கு மேல வைக்கிற கண்ணாடி உடைஞ்சா கீழே கொட்டக் கூடாது. டஃபன்டு கண்ணாடி சின்னச் சின்னத் துண்டா உடையும், ஆனா மொத்தமா கொட்டிடும். லேமினேட்டட்ல ரெண்டு கண்ணாடிக்கு நடுவுல பிவிபி-னு ஒரு பிளாஸ்டிக் படலம், பெரும்பாலும் 0.76 மி.மீ. தடிமன். சூடும் அழுத்தமும் கொடுத்து ஒட்டுவாங்க. விரிசல் விட்டாலும் துண்டுகள் அந்தப் படலத்தையே பிடிச்சிட்டு நிற்கும். பிரான்ஸ்ல எதுவார் பெனடிக்டஸ்னு ஒருத்தர் கைதவறிப் போட்ட குடுவை சிதறாம இருந்ததைப் பார்த்துத்தான் இந்த யோசனையே வந்ததாம். 1909-ல காப்புரிமை வாங்கினார்.

செட்டிநாட்டு வீடுகள்ல ஜன்னல் மேல பார்க்கிற சிவப்பு, பச்சை, நீலக் கண்ணாடி வேற ரகம். அதுல நிறம் கண்ணாடிக்குள்ளேயே இருக்கு. உருக்கும்போது கோபால்ட் சேர்த்தா நீலம். லேமினேட்டட்ல கண்ணாடி சாதாரணம்தான், நிறம் நடுவுல இருக்கிற படலத்துல. நீலத்து மேல மஞ்சள் படலம் அடுக்கினா பச்சை கிடைக்கும். தறியில அப்படி இல்ல. பாவு ஒரு நிறம், ஊடை ஒரு நிறம்னா ரெண்டும் கலக்காது. புடவையைத் திருப்பத் திருப்ப ஒண்ணு மாத்தி ஒண்ணு மின்னும். படலத்துக்குப் பதிலா பட்டுத் துணியையே நடுவுல வெச்சு ஒட்டுறதும் உண்டு. கிழிஞ்ச பழைய கூறைப் புடவைக்கு இதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியல.

சரி, பெரியப்பா கதைக்கு வர்றேன்.

கண்ணாடி வெச்ச அன்னிக்குக் கூடமே பொன்னா இருந்துச்சு. தெருவே வந்து பார்த்துச்சு. அவர் மட்டும், "என்னமோப்பா, கண்ணு தயங்குது"ன்னார். நான் பழகிடும்னு சொல்லிட்டுக் கிளம்பிட்டேன்.

அப்போ தறியில இளம் ரோஜா நிறப் புடவை. ஊடை நூல் தீர்ந்து, தனியா சாயம் போட்ட இன்னொரு கட்டு வந்திருக்கு. பகல் வெளிச்சத்துல பார்த்தா அதுல நீலம் ஒரு துளி தூக்கல். ஆனா நீல ஒளியைத்தான் மஞ்சள் படலம் தடுத்திடுதே. அதனால அந்தக் கூடத்துல ரெண்டு கட்டும் ஒரே நிறம். பதினஞ்சு நாள் நெய்து, வாசல்ல கொண்டு வந்து பிரிச்சா, உடல்ல பாதிக்கு மேல வேற நிழல். கோடு போட்ட மாதிரி.

கொடுத்த இடத்துல அதை எடுத்துக்கல. கூலியும் போச்சு, நூல் காசும் அவர் தலையில. நாற்பது வருஷமா நிறம் பார்த்த கண்ணு அவருக்கு. என்னை ஒரு வார்த்தை திட்டல, அதுதான் கஷ்டமா இருந்துச்சு.

செட்டிநாட்டு வீட்டைக் கட்டினவங்க கலர் கண்ணாடியைச் சின்னச் சின்னதா, வாசலுக்கும் ஜன்னலுக்கும் மேலதான் வெச்சாங்க. வெயில் தரையில கோலமா விழும், அவ்வளவுதான். நான் ஒருத்தரோட வேலை மேலேயே நிறத்தைக் கொட்டியிருக்கேன். இப்போ யாராவது கலர் ஸ்கைலைட் கேட்டா, கீழே என்ன செய்வீங்கன்னுதான் முதல்ல கேட்கிறேன். சமையல் மேடை, படிக்கிற மேஜை, கண்ணாடி பார்த்து மேக்கப் போடுற இடம் எதுவும் வேண்டாம். மாடிப்படி, நடை, பூஜையறைக் கதவு தாராளமா.

வைக்கிறவங்களுக்கு இன்னொண்ணு. புளிச்ச வாசனை வர்ற சிலிக்கோனை லேமினேட்டட் ஓரத்துல பூசாதீங்க, நியூட்ரல்னு கேட்டு வாங்குங்க. அதோட ஓரத்துல மழைத்தண்ணி தேங்கினா படலம் வெளுத்து விட்டுப்போகும்.

தறிக்கு மேல இப்போ நிறமில்லாத லேமினேட்டட். மஞ்சள் கண்ணாடி மாடிப்படிக்குப் போயிடுச்சு. அந்தப் புடவையைப் பெரியம்மா வெச்சுக்கிட்டாங்க. போன தை மாசம் ஒரு கல்யாணத்துக்குக் கட்டிட்டு வந்தாங்க. நிழல் மாறுற இடத்தைக் கொசுவத்துக்குள்ள மடிச்சு விட்டிருந்தாங்க.