கண்ணின் அழுத்தமும் நாம் அறிய வேண்டியவையும்

(யூபிலி கண் பரிசோதனை முகாமின் தொடக்கத்தில் ஆற்றிய உரை)



யூபிலி ஆண்டில் கோயிலுக்கு வர்ணம் பூசினால் மட்டும் போதாது, வீட்டுக்கு ஒருவராவது கண்ணைக் காட்டிச் செல்ல வேண்டும் என்று விரும்பி எங்களை அழைத்திருக்கிறீர்கள். கண் மருத்துவப் பணியில் இருக்கும் எங்களுக்கு இதைவிட மகிழ்ச்சி வேறில்லை. முகாம் தொடங்குமுன் சில நிமிடங்கள் பேச அனுமதி கேட்டோம். அதற்குக் காரணம் ஒரு பெரியவர்.

சில ஆண்டுகளுக்கு முன் சோமனூர்ப் பக்கத்திலிருந்து விசைத்தறி ஓட்டும் அந்தப் பெரியவர் எங்களிடம் வந்தார். நூல் அறுந்தால் முடிச்சுப் போடக் கண் தெரியவில்லை, ஒரு கண்ணாடி கொடுத்தால் போதும் என்றார். கண்ணின் அழுத்தத்தை அளந்தோம். வலக்கண்ணில் 38, இடக்கண்ணில் 30. வலக்கண்ணில் சாவித் துவாரத்தின் வழியே பார்ப்பது போல நடுவில் மட்டும் கொஞ்சம் பார்வை எஞ்சியிருந்தது. "ஏனுங்க, எனக்குக் கண்ணு வலிக்கவே இல்லீங்களே, செவக்கவும் இல்லீங்களே, அப்புறம் எப்படீங்க?" என்று கேட்டார். அவருக்குப் பதில் சொல்ல எங்களால் முடிந்தது. போன பார்வையைத் திருப்பிக் கொடுக்க முடியவில்லை. நான்கு ஆண்டுகளுக்கு முன் வேறோர் இடத்தில் அவர் கண்ணாடி வாங்கியிருந்தார். அன்று எவரும் அழுத்தத்தை அளக்கவில்லை. அவரும் கேட்கவில்லை, கேட்க வேண்டும் என்று அவருக்கு யாரும் சொல்லித் தரவில்லை. அதைச் சொல்லவே இன்று உங்கள் முன் நிற்கிறோம்.

கண்ணின் அழுத்தம் என்றால் என்ன? "நான் பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறேன், எல்லாம் சரியாக இருக்கிறது" என்று பலர் கூறுவதுண்டு. அது இரத்த அழுத்தம். கண்ணின் அழுத்தம் வேறு. கையில் பட்டை கட்டி அளந்தால் அது தெரியாது.

நொய்யல் ஆற்று நீர் வாய்க்கால் வழியே நம் சிங்காநல்லூர்க் குளத்துக்கும் உக்கடம் பெரிய குளத்துக்கும் வந்து சேர்வதை நீங்கள் அறிவீர்கள். வரும் நீர் வந்துகொண்டே இருக்க, வெளியேறும் மதகு அடைத்துக்கொண்டால் கரையின் மேல் பாரம் ஏறும். கண்ணும் அப்படியே. கண்ணின் முன்பகுதிக்குள் தெளிந்த நீர் ஓயாமல் சுரக்கிறது. அழும்போது வடியும் கண்ணீர் அன்று அது. கருவிழியின் ஓரத்தில், சல்லடை போன்ற நுண்ணிய வழியாக அது வெளியேறுகிறது. அவ்வழி அடைபடும்போது உள்ளே அழுத்தம் உயர்ந்து, கண்ணின் பின்புறமுள்ள பார்வை நரம்பைச் சிறிது சிறிதாக அழிக்கிறது. இதுவே கிளாக்கோமா எனப்படும் கண் நீர் அழுத்த நோய். முதலில் பக்கப் பார்வைதான் போகும். நேர்ப்பார்வை கடைசி வரை இருக்கும். ஆகவேதான் நோயாளிக்கே தெரிவதில்லை. கண்புரையால் மங்கிய பார்வையை அறுவை செய்து மீட்கலாம். இதில் போன பார்வை திரும்பாது.

மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையினர் தென் மாவட்டக் கிராமங்களில் 40 வயதைக் கடந்த 5,150 பேரைப் பரிசோதித்து 2003-இல் வெளியிட்ட ஆய்வில், நூற்றுக்கு 2.6 பேருக்கு இந்நோய் இருந்தது. அதில் மிகுதியாகக் காணப்படும் வகை நோய் உடையவர்களுள் நூற்றுக்கு 93 பேர் தங்களுக்கு அது இருப்பதையே அறியாதவர்கள்!

இனி, எப்படி அளக்கிறார்கள் என்பதைச் சொல்வோம். பயத்தால் பலர் கண்ணை இறுக்கிக்கொள்கிறார்கள், பயப்பட ஒன்றுமில்லை. நார்வே நாட்டு மருத்துவர் ஷியோட்ஸ் 1905-இல் அமைத்த கருவியில், படுக்க வைத்து, மரத்துப்போகும் சொட்டு மருந்து விட்டு, சிறு எடையைக் கருவிழி மேல் மெல்ல வைப்பார்கள். பழைய முகாம்களில் அதுவே துணை. பின்னர் 1950-களில் கோல்ட்மன் என்பவர் அமைத்த முறையே இன்றும் நம்பகமானதாகக் கருதப்படுகிறது. உட்கார்ந்தபடி முகவாயைத் தாங்கியில் வைத்துக்கொள்ள, மஞ்சள் மருந்திட்டு, நீல ஒளியில் சிறு முனை கருவிழியைத் தொட்டு அளக்கும். கண்ணைத் தொடாமல் 'புஸ்' என்று காற்றை ஊதி அளக்கும் கருவியும் உண்டு. எல்லாம் சில நொடி வேலை, வலி இல்லை.

அளக்கும்போது நீங்கள் செய்ய வேண்டியவை சில. கழுத்துப் பட்டன் இறுக்கமாக இருந்தால் தளர்த்துங்கள். மூச்சை அடக்காதீர்கள். இமையை இறுக்காதீர்கள். இவை மூன்றும் அளவைப் பொய்யாக உயர்த்திவிடும். கான்டாக்ட் லென்ஸ் இருந்தால் கழற்றிவிடுங்கள். பார்வைக் கோளாறுக்காக லேசர் சிகிச்சை செய்துகொண்டவர்கள் அதைச் சொல்லுங்கள். கருவிழி மெலிந்திருந்தால் அழுத்தம் குறைவாகக் காட்டும், தடித்திருந்தால் கூடுதலாகக் காட்டும். மரத்துப்போகும் மருந்து விட்டபின் அரை மணி நேரம் கண்ணைக் கசக்க வேண்டாம். பாப்பாவை விரிக்கும் மருந்து விட்டால் அன்று இரு சக்கர வண்டியை ஓட்ட வேண்டாம்; துணைக்கு ஒருவரை அழைத்து வாருங்கள்.

பொதுவாக 10 முதல் 21 வரை இயல்பான அளவு என்பர். ஆனால் ஓர் எண்ணை மட்டும் வைத்து முடிவு கட்டிவிடக் கூடாது. அழுத்தம் ஒரே நாளில் வேளைக்கு வேளை மாறும். 24 இருந்தும் நரம்பு கெடாதவர்கள் உண்டு; 17 இருந்தும் நரம்பு கெட்டவர்களும் உண்டு. எனவே மருத்துவர் பார்வை நரம்பைப் பார்ப்பார். பக்கப் பார்வையைச் சோதிப்பார். கருவிழியின் தடிமனையும் நீர் வெளியேறும் கோணத்தையும் பார்ப்பார். "எனக்கு எவ்வளவுங்க?" என்று தயங்காமல் கேட்டு, தேதியோடும் நேரத்தோடும் ஒரு நோட்டில் குறித்து வையுங்கள். அடுத்த முறை அதுவே மருத்துவருக்கு வழிகாட்டி.

நோய் இருப்பதாகச் சொன்னால் மனம் தளர வேண்டாம். சொட்டு மருந்தாலும், லேசராலும், தேவைப்பட்டால் அறுவையாலும் எஞ்சிய பார்வையைக் காக்கலாம். ஆனால் மருந்தை நாள் தவறாமல் விட வேண்டும். வலியில்லை என்பதற்காகவோ பாட்டில் தீர்ந்தது என்பதற்காகவோ நீங்களே நிறுத்திவிடாதீர்கள். ஒரு சொட்டு போதும். விட்டபின் கண்ணை மூடி, மூக்கோரத்தில் விரலால் ஓரிரு நிமிடம் அழுத்துங்கள். இரண்டு மருந்துகளானால் இடையே ஐந்து நிமிடம் விடுங்கள். ஆஸ்துமாவோ இருதயக் கோளாறோ உள்ளவர்கள் முன்கூட்டியே மருத்துவரிடம் சொல்ல வேண்டும். சில சொட்டு மருந்துகள் அவர்களுக்கு ஆகாது.

தாய்மார்களுக்கு ஒரு வேண்டுகோள். பிள்ளைக்குக் கண் அரிக்கிறது என்று கடையில் கேட்டு வாங்கிய மருந்தை மாதக்கணக்கில் விடாதீர்கள். அதில் ஸ்டீராய்டு இருந்தால், பிஞ்சு வயதிலேயே அழுத்தம் ஏறிப் பார்வை பறிபோகக் கூடும். மேலும், திடீரென்று கண் கடுமையாக வலித்து, சிவந்து, வாந்தியும் வந்து, விளக்கைச் சுற்றி வானவில் போல வட்டம் தெரிந்தால், அது வேறு வகை அழுத்த நோய். விடியட்டும் என்று காத்திராமல் அப்போதே மருத்துவமனைக்குச் செல்லுங்கள். கோவையில் அரசு மருத்துவமனை உண்டு. சங்கரா, அரவிந்த் போன்ற கண் மருத்துவமனைகளும் உண்டு. தூரம் ஒரு சாக்கு ஆகாது.

கடைசியாக, அந்தப் பெரியவர் செய்த ஒரு நல்ல காரியத்தைச் சொல்லி முடிக்கிறோம். இது குடும்பத்தில் தொடரக்கூடிய நோய் என்று நாங்கள் சொன்னதும், மறுவாரமே தம் தம்பியையும் தங்கையையும் கையோடு அழைத்து வந்தார். தங்கைக்கு ஒன்றுமில்லை. தம்பிக்கு அழுத்தம் 28. நரம்பு அப்போதுதான் கெடத் தொடங்கியிருந்தது. தம்பி இன்றும் தறி ஓட்டுகிறார், நூல் முடிச்சுப் போடுகிறார். அண்ணன் இழந்த பார்வைதான் தம்பியின் பார்வையைக் காத்தது.

கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் செய்து பயனில்லை என்பார்கள். 40 வயதைக் கடந்தவர்கள் அனைவரும், வீட்டில் எவருக்கேனும் இந்நோய் இருந்தால் இளையவர்களும், இன்றே அழுத்தத்தை அளந்துகொள்ளுங்கள். கண்ணாடிக்கு மட்டும் வந்தவர்களும் அளக்காமல் திரும்ப வேண்டாம். நாங்கள் மறந்தாலும் நீங்கள் கேளுங்கள்.