உரம் விழுந்தது என்று இருந்துவிடாதீர்கள்

(செலியமேட்டில் நடந்த தாய்மார்கள் கூட்டத்தில் அறக்கட்டளைச் செயலாளர் ஆற்றிய உரை)





நம் பகுதியில் ஏழு மாதக் குழந்தை ஒன்றுக்குக் கழுத்து ஒரு பக்கமாகச் சாய்ந்தது. உரம் விழுந்திருக்கிறது என்று எண்ணெய் தடவி உருவினார்கள். பால் குடித்ததும் வாந்தி எடுத்தது. குடல் ஏறிவிட்டது என்று தட்டினார்கள். நம்மிடம் வந்தபோது நாமும் ஓதி ஊதி அனுப்பிவிட்டோம். மருத்துவரிடம் காட்டினீர்களா என்று கேட்கவில்லை. இரண்டு மாதம் கழித்து ஸ்கேனில் மூளையில் கட்டி தெரிந்தது. அறுவை சிகிச்சை முடிந்து, அல்லாஹ்வின் அருளால் குழந்தை இருக்கிறது. ஒரு கண்ணில் பார்வை குறைவு. அந்த இரண்டு மாதத்தில் நமக்கும் பங்குண்டு. அதனால்தான் இன்று பேசுகிறோம்.

பெரியவர்களுக்குத் தலையில் கட்டி வந்தால் தலைவலி என்று சொல்வார்கள். கைக்குழந்தை சொல்லாது. மேலும் அதன் மண்டை எலும்புகள் இன்னும் ஒட்டாமல், உச்சிக்குழி திறந்திருக்கிறது. உள்ளே அழுத்தம் கூடினால் மண்டை விரிந்து இடம் கொடுத்துவிடும். ஆகவே நோய் வேறு வேஷத்தில் வருகிறது.

தலை வேகமாகப் பெருக்கும். பிறக்கும்போது சுமார் 35 செ.மீ. இருக்கும் தலைச் சுற்றளவு ஒரு வயதில் 46 செ.மீ. அளவுக்கு வரும். அதைத் தாண்டி ஓடினால், "அறிவாளிப் பிள்ளை" என்று மகிழ வேண்டாம். குழந்தை அழாமல் நிமிர்ந்து இருக்கும்போதும் உச்சிக்குழி புடைத்திருப்பது, கருவிழி கீழே இறங்கி மேலே வெள்ளை தெரிவது, கண் ஊசலாடுவது, புதிதாக மாறுகண் விழுவது, உட்கார்ந்த பிள்ளை உட்கார மறப்பது, காரணமில்லாமல் அடிக்கடி வாந்தி, ஓயாத சிணுங்கல், கழுத்துச் சாய்வு ஆகியவற்றைக் கவனியுங்கள்.

இன்னொன்று விசித்திரமானது. பிள்ளை நன்றாகக் குடிக்கும், சிரிக்கும், சுறுசுறுப்பாக இருக்கும். உடம்பு மட்டும் எலும்பாகிக்கொண்டே போகும். சவலை என்போம், கண்ணேறு என்போம். மூளையின் அடிப்பாகத்தில் கட்டி இருந்தாலும் இப்படி ஆகும் என்று ரஸ்ஸல் என்ற ஆங்கிலேய மருத்துவர் 1951-லேயே எழுதியிருக்கிறார்.

தாய்மார்கள் பயந்துவிட வேண்டாம். இந்த நோய் மிக அரிது. கழுத்துச் சாய்வுக்கும் வாந்திக்கும் பெரும்பாலும் சாதாரணக் காரணமே இருக்கும். ஆனால் எது சாதாரணம் என்று தீர்மானிப்பது மருத்துவர் வேலை. உருவிவிடும் பாட்டியின் வேலையல்ல, நம் வேலையுமல்ல. சாய்ந்த கழுத்தை உருவவோ, பிள்ளையைத் துணியில் போட்டு உருட்டவோ வேண்டாம்.

தடுப்பூசிக்குப் போகும்போதெல்லாம் எடையோடு தலைச் சுற்றளவையும் அளந்து அட்டையில் எழுதச் சொல்லுங்கள். சந்தேகம் வந்தால் எல்லைப்பிள்ளைச்சாவடி அரசு மகளிர், குழந்தைகள் மருத்துவமனைக்கோ, கோரிமேடு ஜிப்மருக்கோ தாமதிக்காமல் போங்கள். உச்சிக்குழி வழியாகவே முதல் ஸ்கேன் பார்க்கலாம். ஊசி, கத்தி ஏதுமில்லை. தேவைப்பட்டால் எம்.ஆர்.ஐ. எடுப்பார்கள்.

துஆவை விடச் சொல்லவில்லை. ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத் தவக்குல் வையுங்கள் என்பதுதான் நம் மார்க்கம். மருத்துவமனைக்குப் போகும் வழியிலும் ஓதலாம். வண்டிச் செலவுக்குக் கையில் இல்லையென்றால் எந்த நேரமும் அறக்கட்டளைக் கதவைத் தட்டுங்கள். இனி ஓதிப் பார்க்க வருகிறவர்களிடம் நம் முதல் கேள்வி, "டாக்டரிடம் காட்டினீர்களா?" என்பதாகவே இருக்கும், இன்ஷா அல்லாஹ்.

நம் பிள்ளைகள் அனைவருக்கும் அல்லாஹ் ஆஃபியத்தைத் தருவானாக. ஆமீன். வஸ்ஸலாம்.