கைபேசியும் மரியாதையும்



பிள்ளைகள் கைபேசியில் மரியாதையாக நடந்து கொள்ளும்படி செய்வது எப்படி என்பதைப் பற்றிப் பேச வேண்டுமென்று என்னைக் கேட்டுக் கொண்டார்கள். இக்காலத்துப் பிள்ளைகளுக்கு மரியாதையே தெரியவில்லை, எல்லாம் கைபேசி செய்த கேடு என்பதாகப் பெரியவர்கள் புலம்புகின்றார்கள். கைபேசி புதிதாக ஒன்றையும் கற்பித்து விடவில்லை என்பது எனது அபிப்பிராயம். துணி வெளுத்துக் கொண்டு வருகின்ற 60 வயதுக் கிழவரை 8 வயதுப் பையன் "வாடா" என்று கூப்பிடுகிற வழக்கம், கைபேசிக்கு எத்தனையோ காலம் முந்தியே இந்நாட்டில் இருந்தது. அதைக் கேட்டுக் கொண்டிருந்த தகப்பனார் கண்டித்தாரா? அதே பையன் பெரிய மாமனுக்கு எதிரில் கால்மேல் கால் போட்டால் மாத்திரம் முதுகில் அடி விழுந்தது. இதற்குப் பெயர் மரியாதையா? பயம் என்று சொல்லுங்கள், ஒப்புக் கொள்ளுகிறேன்.

பயத்தால் வந்த மரியாதை, அடிக்கிறவன் எதிரில் இல்லாவிட்டால் என்னவாகும்? கைபேசியில் அதுதான் நடக்கின்றது. அங்கே பெயரை மாற்றிக் கொள்ளலாம். முகம் காட்ட வேண்டியதில்லை. எதிராளி அழுவது கண்ணுக்குத் தெரியாது. ஜான் சூலர் என்கின்ற அமெரிக்க மனோதத்துவ ஆசிரியர் 2004-இல் இப்படிப்பட்ட காரணங்களையே எடுத்துக் காட்டி, நேரில் சொல்லக் கூசுவதை மனிதன் அங்கு கூசாமல் சொல்லி விடுகிறான் என்று எழுதினார்.

வகுப்புப் பிள்ளைகள் சேர்ந்து ஒரு வாட்ஸ்அப் குழு வைத்துக் கொள்ளுகிறார்கள். நிறம் கறுத்த ஒரு பெண்ணின் படத்தைப் போட்டு ஒருவன் ஏதோ சொல்லுகிறான். முப்பது பேர் சிரிப்புப் பொம்மை போடுகிறார்கள். முன்பு பள்ளிக்கூட வாசலோடு நின்ற கேலி, இப்பொழுது படுக்கை வரைக்கும் அவளோடு போகின்றது. ஜாதிப் பெயரைச் சொல்லி வைவதும் அப்படியே. 14 வயதுப் பையனுக்கு அந்த வசவு எங்கே கிடைத்தது? கைபேசிக் கம்பெனிக்காரனா சொல்லிக் கொடுத்தான்? நம் வீட்டுத் திண்ணையில் கேட்டதுதானே!

பெரியவர்களின் யோக்கியதையையும் கொஞ்சம் பாருங்கள். 2018-ஆம் வருஷம் மே மாதத்தில், பிள்ளை பிடிக்கிறவர்கள் வந்திருப்பதாக வாட்ஸ்அப்பில் ஒரு புரளி பரவியது. அச்சமயம் திருவண்ணாமலை ஜில்லா போளூருக்குப் பக்கத்தில், குலதெய்வம் கோவிலுக்கு வந்த 65 வயது அம்மாள் ஒருவர் குழந்தைகளுக்கு மிட்டாய் கொடுத்தார். ஊரார் கூடி அவரை அடித்தே கொன்று விட்டார்கள். அந்தப் புரளியை ஊர் ஊராக அனுப்பினது சின்னப் பிள்ளைகளா? தகப்பன்மார்களும் அண்ணன்மார்களும்தான். அவ்வருஷமே வாட்ஸ்அப் கம்பெனியார், இந்தியாவில் ஒரு செய்தியை ஒரே தடவையில் 5 இடங்களுக்கு மேல் அனுப்ப முடியாதபடி செய்தார்கள். யந்திரத்துக்கு அந்த மட்டிலாவது புத்தி வந்தது. இன்னொருவரைப் பற்றி வந்த சேதி மெய்யா என்று விசாரியாமல் பிறருக்குத் தள்ளுவது அவமரியாதை என்பதைப் பிள்ளைக்கு யார் சொல்லுவது?

ஆஸ்திரேலியாவில் 16 வயதுக்குட்பட்டவர்கள் சமூக ஊடகங்களில் கணக்கு வைத்துக் கொள்ளாதபடி 2024-இல் சட்டம் செய்து, 2025 டிசம்பரில் அமுலுக்குக் கொண்டு வந்தார்கள். செய்யட்டும். 16 முடிந்த மறுநாள் பையன் எப்படிப் பேசுவான் என்பதற்குச் சட்டத்தில் பதில் கிடையாது.

ஆதலால் வீட்டிலே ஆரம்பியுங்கள். வேலைக்காரரையும் "வாங்க" என்று பிள்ளை காதில் விழும்படி கூப்பிடுங்கள். பிள்ளையின் படத்தை ஊருக்குக் காட்டுமுன் அவனைக் கேளுங்கள். வேண்டாமென்றால் விட்டு விடுங்கள். தன் சம்மதம் மதிக்கப்பட்டதைக் கண்டவனுக்கல்லவா பிறத்தியார் படத்தை எடுத்துப் போடக் கை கூசும்!

மற்றொன்று, தாய்மார்கள் கவனிக்க வேண்டும். ஒருவன் தன்னைக் கேவலமாக எழுதினான் என்று பெண் வந்து சொன்னால், அவள் கைபேசியைப் பிடுங்குகிறோம். சில வீடுகளில் படிப்பையே நிறுத்தி விடுகிறார்கள். குற்றம் செய்தவன் ஒருவன், தண்டனை இவளுக்கா? அடுத்த தடவை அவள் வாய் திறப்பாளா? அவன் எழுதினதை அழிக்காமல் வைத்துக் கொண்டு, பள்ளிக்கூடத்துக்கு அவளோடு நீங்களும் போங்கள். அங்கே கேட்பாரில்லை என்றால், குழந்தைகளுக்கென்றே 1098 என்ற எண் இருக்கின்றது. இரவு பகல் எந்நேரமும் காசில்லாமல் பேசலாம். பிள்ளை தானாகவே பேசலாம்.