விசேட தேவையுள்ள பிள்ளைகளின் உணவு, மருந்து, பயிற்சி
(சண்டிலிப்பாயில் மீள்குடியேறிய குடும்பங்களுக்கான கூட்டத்தில் ஆற்றிய உரை)

வெய்யிலுக்குள்ளால் பிள்ளைகளையும் தூக்கிக்கொண்டு வந்திருக்கிறீர்கள். பின்னுக்கு நிற்கிற ஐயாமாரும் முன்னுக்கு வந்து இருங்கள். இது அம்மாமாருக்கு மட்டுமான கூட்டம் இல்லை.

நான் வைத்தியர் அல்ல, கலைப்பட்டதாரி. ஆகவே மருந்தின் அளவை என்னிடம் கேட்க வேண்டாம். வீடு வீடாகப் போய்வருகிறபோது திரும்பத் திரும்பக் கண்ட சில விடயங்களைத்தான் சொல்லப் போகிறேன்.

முதலில் வலிப்பு மருந்து. ஒரு தாய் முகாமிலிருந்து வெளிக்கிட்டபோது மருந்துப் போத்தல் சாமான் மூட்டைக்குள் போய்விட்டது. லொறி இரண்டு நாள் பிந்தி வந்தது. மூன்று மாதமாகப் பிள்ளைக்கு வலிப்பு வரவில்லை, இரண்டு நாள்தானே என்று இருந்துவிட்டார். மூன்றாம் நாள் விடியப்புறம் வலிப்பு வந்தது, நிற்கவில்லை. பக்கத்து வீட்டுத் தம்பி ஓட்டோவோடு நின்றபடியால் பிள்ளை தப்பியது. வலிப்பு வராமல் இருந்ததே அந்த மருந்தால்தான். திடீரென்று நிறுத்தினால் முன்னையதிலும் கடுமையான வலிப்பு வரலாம். மருந்து, கிளினிக் கொப்பி, பழைய துண்டுகள் எல்லாம் ஒரு பையில் இருக்கட்டும். அந்தப் பை லொறியில் அல்ல, உங்கள் கையில் வரவேண்டும்.

தமிழ்நாட்டு முகாம்களிலிருந்து வந்தவர்களுக்கு இன்னொன்று. அங்கே வாங்கிய மருந்தின் கொம்பனிப் பெயர் இங்கே இராது. பெட்டியில் சிறிய எழுத்தில் சோடியம் வல்புரோவேற், காபமசெபின் என்று மருந்தின் சொந்தப் பெயர் இருக்கும். வெறும் பெட்டியானாலும் எறியாமல் கொண்டுபோய்க் காட்டுங்கள். பிள்ளையின் நிறையையும் நிறுக்கச் சொல்லுங்கள். பத்துக் கிலோவில் எழுதிய அளவு பதினைந்து கிலோப் பிள்ளைக்குப் போதாமல் இருக்கலாம்.

வலிப்பு வந்தால் பிள்ளையை ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். கையில் இரும்பைத் திணிக்கிறதும் வாயில் கரண்டி வைக்கிறதும் தண்ணீர் பருக்குகிறதும் வேண்டாம். மணிக்கூட்டைப் பாருங்கள். ஐந்து நிமிடத்துக்கு மேல் போனால் உடனே ஆஸ்பத்திரி.

டவுன் சின்ட்ரோம் உள்ள பிள்ளைகளுக்கு இருதயத்தையும் தைரொயிட்டையும் பார்த்தார்களா என்று கேளுங்கள். தைரொயிட் குறைவு இந்தப் பிள்ளைகளில் அடிக்கடி வருகிறது. ஒரு இரத்தப் பரிசோதனையில் தெரியும், மலிவான குளிசைதான். பிள்ளை மந்தமாக இருப்பதெல்லாம் அதன் குணம் என்று விட்டால் இது தப்பிப்போகும். பேச்சு வராத எந்தப் பிள்ளைக்கும் முதலில் காதைப் பரிசோதிக்கவேண்டும்.

இனிச் சாப்பாடு. அதிகம் கேள்வி வருவது இதைப் பற்றித்தான். கனடாவிலிருந்து மாமி சொன்னா, பாலையும் கோதுமையையும் நிறுத்தினால் ஓட்டிசம் மாறுமாம் என்று ஒரு அக்கா சொன்னார். அவருடைய மகன் சாப்பிடுகிற சாமான் மொத்தம் ஐந்து. அதில் பாணும் பாலும் இரண்டு. இரண்டையும் நிறுத்தினார். பிள்ளை பேசவில்லை, மெலிந்ததுதான் மிச்சம். மாமி நல்லெண்ணத்தில்தான் சொன்னா. ஆனால் அந்தப் பத்தியத்தால் ஓட்டிசம் மாறும் என்பதற்குப் போதிய ஆதாரம் இல்லை. கோதுமை உண்மையாகவே ஒத்துக்கொள்ளாத குடல் நோய் ஒன்று உண்டு, அதைப் பரிசோதித்துத்தான் சொல்லலாம். மருந்துக்கு அடங்காத வலிப்புக்குக் கொழுப்பு மிகக் கூடிய கீற்றோஜெனிக் உணவுமுறை 1921 முதல் இருக்கிறது, சில பிள்ளைகளுக்கு நன்றாக வேலை செய்கிறது. ஆனால் அது மருந்து மாதிரி கிராம் கணக்கில் நிறுத்து, வைத்தியரின் கண்காணிப்பில் செய்கிற வேலை. வீட்டில் பார்த்துச் செய்கிறதல்ல.

என்ன கொடுக்கிறோம் என்பதைவிட எப்படிக் கொடுக்கிறோம் என்பதில்தான் சில பிள்ளைகளின் உயிர் இருக்கிறது. பெருமூளை வாதம் உள்ள பிள்ளையை மடியில் மல்லாக்கப் போட்டு, தலையைப் பின்னுக்குச் சாய்த்துப் பருக்குகிறோம். அப்போது சாப்பாடு சுவாசக்குழாய்க்குள் இறங்கும். அடிக்கடி சளி, காய்ச்சல், நிமோனியா என்று அலைகிற பிள்ளைகள் பலரில் காரணம் இதுதான். பிள்ளையை நிமிர்த்தி இருத்தி, தலையைக் கொஞ்சம் முன்னுக்குக் குனிய வைத்து, சின்னக் கரண்டியால் முன்பக்கமிருந்து கொடுங்கள். விழுங்கின பிறகுதான் அடுத்த கரண்டி. முடிந்தபின் அரை மணித்தியாலம் நிமிர்ந்தே இருக்கட்டும். ஒரு நேரச் சாப்பாட்டுக்கு முக்கால் மணித்தியாலம் போகும், தெரியும். அதனால்தான் ஐயாமாரை முன்னுக்கு வரச்சொன்னேன்.

உதிரிப் புட்டு இந்தப் பிள்ளைகளுக்கு ஆபத்து. வாழைப்பழமும் பாலும் விட்டுக் களியாகப் பிசையுங்கள். தண்ணியான கஞ்சியும் சிலருக்குப் புரைக்கும், குரக்கனைக் கூழ்ப்பதமாகத் தடிப்பாய்க் காய்ச்சுங்கள். கொஞ்சமாகச் சாப்பிடுகிற பிள்ளைக்குச் சோற்றோடு பருப்பு, முட்டை, ஒரு கரண்டி நல்லெண்ணெய் அல்லது தேங்காய்ப்பால் சேர்த்தால் அந்தக் கொஞ்சத்திலேயே சத்துக் கூடும். மலச்சிக்கலுக்குப் பப்பாசிப்பழமும் போதிய தண்ணீரும். ஈயம், பாதரசம் சேர்ந்த பற்பம், செந்தூரம் எதையும் மூளை வளர்ச்சிக்கென்று யார் தந்தாலும் வாங்க வேண்டாம். அவை மூளையைத்தான் கெடுக்கும்.

பயிற்சி பற்றிச் சுருக்கமாக. யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலைக்குப் போனால் சிகிச்சையாளர் பிள்ளையோடு இருக்கக்கூடியது கொஞ்ச நேரம். மிச்ச நாளெல்லாம் பிள்ளை உங்களோடு. ஆகவே வீட்டில் செய்ய ஒன்றைக் காட்டித் தாருங்கோ என்று கேட்டு, அவர் முன்னால் செய்து காட்டிவிட்டு வாருங்கள். கால்கள் கத்தரிக்கோல் மாதிரிப் பின்னுகிற பிள்ளையை இடுப்பில் காலை அகட்டி வைத்துத் தூக்குவதே ஒரு பயிற்சி. எண்ணெய் பூசி மெல்ல நீவலாம், விறைத்த காலை இழுக்கக் கூடாது. பேசாத பிள்ளையிடம் இரண்டு சாமானைக் காட்டி எது வேணும் என்று கேளுங்கள். கேட்டுவிட்டுப் பத்து எண்ணும்வரை பொறுங்கள். நாங்கள் பொறுக்காமல் நாங்களே எடுத்துக் கொடுத்துவிடுகிறோம்.

பள்ளிக்கூடத்தில் சேர்க்கமாட்டோம் என்றால் 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டத்தைச் சொல்லுங்கள். வலுவிழப்பைக் காரணம் காட்டிக் கல்வி நிலையத்தில் அனுமதி மறுக்க அது இடம் தரவில்லை. கோண்டாவிலில் சிவபூமிப் பாடசாலை இருக்கிறது. கேட்காத, பார்வை தெரியாத பிள்ளைகளுக்குக் கைதடியில் நவீல்ட் பாடசாலை.

இன்னொன்று, மறந்துபோவேன். ஓட்டிசம் உள்ள பிள்ளைகள் சிலர் சொல்லாமல் ஓடிவிடுவார்கள். வருடக்கணக்காகப் பாழாய்க் கிடந்த வளவுகளில் கட்டில்லாத கிணறுகள் பற்றைக்குள் மறைந்து கிடக்கின்றன. வீட்டு வேலை தொடங்க முன் உங்கள் வளவுக் கிணற்றையும் பக்கத்து வளவுக் கிணற்றையும் மூடுங்கள். பற்றை வெட்ட முன் கண்ணிவெடி அகற்றப்பட்டதா என்று கிராம அலுவலரிடம் கேளுங்கள்.

பழைய துண்டுகள், மருந்துப் பெட்டிகள் கொண்டுவந்தவர்கள் கூட்டம் முடிய அந்த மேசைக்கு வாருங்கள். மருந்தின் பெயரையும் கடைசியாக எடுத்த நாளையும் ஒரு கொப்பியில் எழுதித் தருவோம். மூன்று நாளுக்கும் குறைவாக மருந்து வைத்திருப்பவர்கள் முதலில் வாருங்கள்.